கோப்பை வேறு, இடுப்பு வேறு

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே சிறிய தேயிலைத் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கிறோம். எங்களிடம் 22 மாத வயதுள்ள பெண் ஜெர்மன் ஷெப்பர்ட் இருக்கிறது. கென்னல் கிளப் பதிவுச் சான்றிதழும் உண்டு. குன்னூரில் ஒருவர், உதகைக் கண்காட்சியில் பரிசு வாங்கிய தம் ஆண் நாயோடு இதை இணை சேர்க்கலாம் என்றும், பணம் வேண்டாம், ஈற்றில் ஒரு குட்டி கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். எங்கள் நாயுடைய தாயின் தந்தையே அந்த ஆண் நாய்க்கும் தந்தை என்பதால் 'லைன்' சுத்தமாக இருக்குமாம். ஆனால் எங்கள் நாய் சில மாதங்களாகக் காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது. படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறது. மலைக் குளிர்தான் காரணம் என்கிறார் என் கணவர். மருத்துவரோ இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் பேப்பர் இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருத்துவர் சொன்னபடி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முடிவு கைக்கு வரும்வரை இணை சேர்க்க வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் குன்னூர்க்காரருக்குப் பதில் சொல்லும்போது அவை உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் உங்கள் நாயின் நடையைப் பார்ப்போம். தொடையெலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். சில குட்டிகளில் வளரும் பருவத்திலேயே இந்தப் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த மூட்டு ஒவ்வோர் அடியிலும் உரசி, குருத்தெலும்பு தேய்ந்து, நாளடைவில் மூட்டு அழற்சியில் போய் நிற்கிறது. ஹிப் டிஸ்ப்ளேசியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பின்னங்கால்களைத் தனித்தனியே உந்தினால் வலிப்பதால்தான் நாய் இரண்டையும் சேர்த்துத் தாவுகிறது. வீட்டு முற்றம் போன்ற சமதரையில் யாரையாவது நாயை நடத்திச் செல்லச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று கவனியுங்கள்: பாதங்கள் இரண்டும் நெருங்கி விழுகின்றனவா, இடுப்பு பக்கவாட்டில் ஆடுகிறதா, தோள் திரண்டிருக்கத் தொடை மட்டும் மெலிந்திருக்கிறதா, படுத்து எழுந்த பிறகு முதல் சில அடிகள் மட்டும் விறைப்பாக இருந்து பிறகு சரியாகிறதா? இவையெல்லாம் இடுப்பைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள். ஆனால் முழங்கால் தசைநாரும் முதுகுத்தண்டும் இதே போல ஏமாற்றக்கூடும் என்பதால், பார்வையை வைத்து முடிவுக்கு வர இயலாது. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே கெட்டிருக்கும் மூட்டின் வலியைக் குளிர் கூட்டிக் காட்டும். நல்ல மூட்டை அது கெடுக்காது.

இனி, பேப்பர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் தரும் பதிவுச் சான்றிதழ், இந்த நாய்க்கு இன்னின்ன தாய் தந்தை, இன்னின்ன பாட்டன் பாட்டி என்பதையும், பிறந்த தேதி, நிறம், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண் ஆகியவற்றையும் உறுதிப்படுத்துகிறது. பயனுள்ள ஆவணம்தான், நாளை மரபுக் குறை ஒன்று தலைகாட்டினால் எந்த வழியில் வந்தது என்று தேட அதுவே ஆதாரம். ஆனால் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஒருவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று யாரும் வாதிடுவதில்லை. இடுப்பின் தரத்தைச் சொல்வது, எக்ஸ்ரேயைப் பார்த்துத் தனியாக வழங்கப்படும் தரச்சான்று.

கண்காட்சிப் பரிசைப் பற்றியும் பலருக்கு இதே மயக்கம் இருக்கிறது. நீலகிரியில் நாய்க் கண்காட்சிக்கு நீண்ட மரபு உண்டு. கோடை சீசனில் உதகைக்கு வரும் நாய்களின் அழகை நானும் ரசிப்பவன்தான். ஆனால் வளையத்துக்குள் நிற்கும் நடுவர், நாயின் உயரம், பல் வரிசை, ரோமம், நிற்கும் விதம், ஓடும் விதம் ஆகியவற்றை, அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த இனத்தரத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் தீர்ப்புச் சொல்கிறார். நன்றாகப் பயிற்சி பெற்ற, தசை திரண்ட இளம் நாய், சுமாரான இடுப்பை வைத்துக்கொண்டே அழகாக ஓடிக் காட்டிவிட முடியும். மூட்டுக் குழியின் ஆழம் நடுவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாதது.

இனத்தரம் என்ற ஏட்டைக் குறை சொல்வது எளிது. பல நேரங்களில் குறை, அதைப் படித்தவர்களிடம் இருக்கிறது. 1899-இல் ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சங்கத்தைத் தொடங்கிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், ஆட்டு மந்தையோடு நாள் முழுவதும் நடக்கக்கூடிய உழைப்பாளி நாயையே விரும்பினார். பெல்ஜியத்தில் இருந்து இயங்கும் பன்னாட்டு நாய்ச் சம்மேளனம் வெளியிட்டிருக்கும் இன்றைய இனத்தரமும் ஆண் நாய்க்கு 60 முதல் 65, பெண் நாய்க்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தைக் குறித்து, முதுகு உறுதியாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பின்பாகம் தரையை நோக்கிச் சரிந்த சாய்வு முதுகு, வளையத்தில் எடுப்பாகத் தெரிகிறது என்று வளர்ப்பாளரும் நடுவரும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மோகம். 2016-இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அப்படிச் சரிந்த முதுகும் தடுமாறும் நடையும் கொண்ட ஒரு ஷெப்பர்ட் தன் இனத்தில் முதற்பரிசு பெற்றபோது, தொலைக்காட்சியில் பார்த்த பொதுமக்களே கொதித்துப் போனார்கள். மாறாக, ஜெர்மனியில் இந்த இனத்தின் தாய்ச் சங்கம் 1960-களிலேயே இடுப்பு எக்ஸ்ரேக்கு முத்திரை வழங்கத் தொடங்கிவிட்டது. அங்கே எக்ஸ்ரே தேர்ச்சி பெறாத நாய்க்கு இனப்பெருக்க அனுமதி கிடையாது.

இது ஷெப்பர்டோடு முடிகிற கதை அல்ல. 2010-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், புல்டாக் ஈற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை என்று தெரிந்தது. பெரிய தலையையும் குறுகிய இடுப்பையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. 2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் இவற்றையெல்லாம் அம்பலமாக்கியதை அடுத்து, இங்கிலாந்தின் கென்னல் கிளப் தன் இனத்தரங்களைத் திருத்தியது. 2012 முதல் கிரஃப்ட்ஸில் குறிப்பிட்ட இனங்களின் வெற்றியாளர்களைக் கால்நடை மருத்துவர் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். நெதர்லாந்தில், இனப்பெருக்கம் செய்யும் நாயின் மூக்கின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது அளவுகோல். தட்டை மூக்குள்ள பக் வகை நாய்களை நம் மலைக் குளிருக்கு ஏற்றவை என்று சொல்லி விற்கிறார்கள். குளிர் அவற்றுக்கு வெப்பத் தாக்கு வராமல் காக்கலாம், அடைந்த மூச்சுப்பாதையைத் திறந்துவிடாது. நம் ராஜபாளையத்தையும் விட்டுவிட முடியாது. முழு வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்ததோடு சேர்ந்தே, காது கேளாத குட்டிகளும் அந்த இனத்தில் பிறக்கின்றன.

'லைன் சுத்தம்' என்ற வாதத்துக்கு, புள்ளி நாயான டால்மேஷியனின் வரலாறே போதிய பதில். மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தைக் கரையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். சுத்தமான டால்மேஷியன்களோ எல்லாமே அதற்கான மரபணுவைப் பழுதாகவே பெற்றிருந்தன. அதனால் ஆண் நாய்கள் பல சிறுநீர்க் கல்லால் அவதிப்பட்டன. இனத்துக்குள் எவ்வளவு தேடினாலும் நல்ல மரபணு கிடைக்காது என்பதால், அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973-இல் ஒரேயொரு முறை பாயிண்டர் இன நாயைச் சேர்த்தார். அதன் பின்னர் ஒவ்வொரு தலைமுறையையும் டால்மேஷியனோடு மட்டுமே சேர்த்து வந்தார். புள்ளிகளும் உருவமும் திரும்பிவிட்டன, நல்ல மரபணுவும் தங்கிவிட்டது. ஆனாலும் தூய்மை கெட்டுவிட்டது என்று சண்டையிட்டு, அமெரிக்க கென்னல் கிளப் அந்த வழித்தோன்றல்களை ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று.

உங்கள் விஷயத்தில் உறவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண் நாய், உங்கள் நாயின் தாய்க்குத் தந்தை வழியில் உடன்பிறப்பு. அதாவது உங்கள் நாய்க்கு அது ஒரு வகையில் தாய்மாமன். நம் ஊர்க் கல்யாணங்களில் அது உரிமையுள்ள முறையாகவே இருக்கலாம். நாய்க்கு முறைமாப்பிள்ளை தேடும் கட்டாயம் நமக்கு இல்லை. இப்படிப் பிறக்கும் குட்டியில், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அந்தத் தாத்தாவின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 6.25 சதவீதம், மேலேயும் உறவுக்குள் சேர்த்திருந்தால் இன்னும் கூடும். நெருங்கிய உறவில் பெற்றோர் இருவரும் ஒரே மறைந்த குறையைச் சுமந்திருக்க வாய்ப்பு மிகுதி; அது குட்டியில் வெளியே வரக்கூடும். புகழ்பெற்ற ஆண் நாயால் வரும் ஆபத்து இன்னொன்று: அதனிடம் உள்ள குறை பல ஈற்றுகளுக்குப் பரவிவிடும். ஷெப்பர்டில் ரத்தம் உறையாமை நோயான ஹீமோஃபிலியா ஏ பரவியதில், ஜெர்மனியில் பலரும் தேடிப்போய் இணை சேர்த்த ஓர் ஆண் நாய்க்குப் பெரும் பங்கு உண்டு. அத்தகைய நாயின் மகள்கள் அனைவரும் நோயைக் கடத்துவார்கள். அவர்கள் ஈனும் ஆண் குட்டிகளில் பாதியளவு நோயோடு பிறக்கும்.

குன்னூர்க்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: ஆண் நாயின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே தரச்சான்று, டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற தண்டுவட நோய்க்கான டிஎன்ஏ சோதனை முடிவு, இணை சேரும்போது தொற்றிக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான சோதனை, அந்த நாயின் உடன்பிறந்தவையும் முன்பு பிறந்த குட்டிகளும் இப்போது எப்படி நடக்கின்றன என்ற தகவல். கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் மற்றவற்றைவிட அதிகம் பேசும், ஏனென்றால் இடுப்புக் குறை பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து உண்டாக்குவது. நல்ல இடுப்புள்ள பெற்றோருக்கும் கெட்ட இடுப்புள்ள குட்டி பிறக்கும். மைலோபதியின் கணக்கு எளிது: மரபணுவின் இரண்டு பிரதியும் குறையுள்ளதாக இருந்தால்தான் பொதுவாக ஆபத்து. குறையுள்ள பிரதி ஒன்று மட்டும் இருக்கும் நாயை, குறையே இல்லாத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் குறையுள்ள இரண்டு பிரதி வராது. ஆகவே ஒரு பிரதி இருப்பதற்காக நல்ல நாயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கேட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டால் உங்களுக்கு வேலை மிச்சம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். குட்டிகளை விற்பதாக இருந்தால், மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது.

எக்ஸ்ரேயில் இடுப்பு ஏ (குறையற்றது) அல்லது பி (ஏறத்தாழக் குறையற்றது) தரத்தில் வந்து, நடைக்கு வேறு காரணம் கண்டுபிடித்துச் சரியாகிவிட்டால், உறவில்லாத, சோதனை முடித்த ஆண் நாயை நிதானமாகத் தேடலாம். அதற்குக் கீழே வந்தால் இனப்பெருக்கம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அந்த நிலையிலும் நாய் பல ஆண்டுகள் நிம்மதியாக வாழும். முதல் மருந்து எடைக் குறைப்பு: 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கால்பங்கு குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு அழற்சியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள். படிகளைத் தவிர்த்துச் சரிவுப் பாதையில் நடத்துங்கள். சிறுத்தை நடமாடும் உங்கள் பகுதியில் விரைந்து ஓட முடியாத நாயை இரவில் திண்ணையில் கட்டாமல் வீட்டுக்குள் படுக்க வையுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும்.

பெண் நாய் இணை சேரத் தயாராகும் பருவ காலத்தில் ஹார்மோன்களால் மூட்டு தளரக்கூடும் என்பதால், அடுத்த பருவத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே எக்ஸ்ரேயை முடித்துவிடுங்கள். அதற்குள் பருவம் வந்துவிட்டால், முடிந்து அதே அளவு காலம் கழித்து எடுங்கள். மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் இணையாக நீட்டி, முழங்கால்களை உட்புறம் திருப்பி எடுத்த படமே தரம் பிரிக்கப் பயன்படும். விழித்திருக்கும் நாயை இருவர் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை ஏற்க வேண்டாம். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போதே மைக்ரோசிப் எண்ணும் தேதியும் படத்தில் பதியுமாறு சொல்லுங்கள். பின்னர் எழுதி ஒட்டினால் தரச்சான்றுக்குச் செல்லாது.