தூத்துக்குடியில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகளுக்குத் தூத்துக்குடியில் வங்கி வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும், "உப்பும் புழுதியும் வெயிலும்தான். பொம்பளப் பிள்ளையை அங்கேயா அனுப்புகிறீர்கள்?" என்கிறார்கள். கன்னியாகுமரி மாதிரி பார்க்க ஏதாவது இருந்தாலும் மனம் ஆறும். உண்மையில் அந்த ஊரில் என்னதான் இருக்கிறது?

– ஒரு தாய், பாப்பாரப்பட்டி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் அக்கம்பக்கத்தார் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேறு ஊர்க்காரர்கள் சொன்னால் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். பாப்பாரப்பட்டிக்காரர்கள் சொல்லலாமா?

உங்கள் ஊரில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் எந்த ஊரில் பேசியதற்காகச் சிறைக்குப் போனார் என்று அவர்களைக் கேளுங்கள். தூத்துக்குடியில்தான். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் அது. 1908 தொடக்கத்தில் அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யோடு சேர்ந்து நின்று கூட்டம் கூட்டமாகப் பேசியவர் சிவா. மார்ச்சில் இருவரும் கைதானார்கள். சிறை சிவாவுக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியது. ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். கட்டுப்போட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்த மனிதர், கடைசியில் உங்கள் ஊரில் ஆசிரமம் அமைத்து, அங்கேயே 1925 ஜூலை 23 அன்று கண் மூடினார். தூத்துக்குடிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் அன்றிலிருந்தே உறவு உண்டு. உங்கள் மகள் அந்நிய ஊருக்குப் போகவில்லை.

அடுத்தது, "பார்க்க என்ன இருக்கிறது" என்ற கேள்வி. நம் மாவட்டத்துக்கு வருகிறவர்கள் நேரே ஒகேனக்கல் போகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பரிசலில் ஒரு சுற்று, வறுத்த மீன், சாயந்திரம் வண்டி ஏறிவிடுகிறார்கள். தர்மபுரியைப் பார்த்தாயிற்று என்று ஊரில் போய்ச் சொல்கிறார்கள். காரிமங்கலம் சந்தை அவர்களுக்குத் தெரியுமா? களி கிண்டும் வாசனை தெரியுமா? நமக்கு அது வருத்தமாக இருக்கிறது அல்லவா, அதே அளவுகோலைத் தூத்துக்குடிமேல் வைக்காதீர்கள். மகள் அங்கே சுற்றுலாவுக்குப் போகவில்லை, குடியிருக்கப் போகிறாள்.

எனக்கு இருபத்தைந்து வயதில் அங்கே இரண்டு ஆண்டு வேலை. முதல் வாரம் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன்தான். அந்த ஊரைப் புரிந்துகொள்ள அதன் வேலை நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிறகுதான் பிடிபட்டது. விசைப்படகுகள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் கரை சேர வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் மீன் ஏலம் ராத்திரியில் சூடு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை படகு கடலுக்குப் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறிவிடும். மகள் மீன் சாப்பிடுகிறவள் என்றால் திரேஸ்புரம் கரைக்குப் போய் வாங்கச் சொல்லுங்கள். எது சாளை, எது ஊளி, எது சீலா என்று விற்கிற அக்காமார்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

உப்பளத்தை அவள் ஒரு தடவையாவது விடியற்காலையில் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, இருட்டோடு வந்துவிடுவார்கள். உப்புத்தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி, காயவிட்டு, கெட்டியானதும் பாத்திக்குப் பாய்ச்சுவார்கள். பாத்தியில் உப்பு படிந்ததும் நீளக் கம்பில் கோத்த பலகையால் வாரி வரப்பு ஓரத்தில் குவிப்பார்கள். பலகை இழுபடும்போது உப்புக்கல் ஒன்றோடொன்று உரசி வருகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈர உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஒரு அம்மா தலைக்கூடையை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து குதிகாலைக் காட்டினார். வெடிப்பு ஒவ்வொன்றிலும் உப்பு ஏறி வெள்ளைக் கோடாக நின்றது. "ராத்திரி தேங்காண்ணெ வச்சாத்தான் தூக்கம் வரும் தம்பி" என்றார். வெள்ளைப் பரப்பில் வெயில் பட்டுத் திருப்பி அடிப்பதில் கண்ணும் கெட்டுப்போகும்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துடையது. ஐப்பசி மழை தொடங்கினால் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு 2022இல்தான் கொடுக்கத் தொடங்கியது. நாம் களியில் போடுகிற உப்பின் கதை இது. "உப்புதான் இருக்கும்" என்று சொல்கிறவர்கள் இனி சொல்லும் முன் அந்தக் குதிகாலை நினைக்கட்டும். (நம் தகடூர் அதியமானின் மகனை ஔவையார் பாடும்போது கூட, உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் மாற்றுக்குக் கட்டிவைக்கும் சேம அச்சைத்தான் அவனுக்கு உவமை சொன்னார். கடற்கரை உப்பு மேட்டுநிலம் ஏறி வந்தது நேற்று இன்று நடந்த விஷயம் இல்லை.)

சாயந்திரம் ஊருக்கு வேறு முகம். விளக்கு வைக்கும் நேரத்தில் பரோட்டாக் கடைகள் கல்லைக் காய வைக்கும். அந்தக் கடைகளுக்கு அங்கே "நைட் கிளப்" என்று பேர். மகள் போனில் "நைட் கிளப்பில் சாப்பிட்டேன்" என்றால் பதறாதீர்கள். பொரிச்ச பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம்தான் அது.

கடலைப் பொறுத்தவரை, பெரிய அலையை எதிர்பார்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். துறைமுகத்துக் கடற்கரை, முயல் தீவு, ரோச் பூங்கா எல்லாம் மாலையில் காற்று வாங்க நல்ல இடங்கள். ஜூலை 26 அன்று பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறும். ஆகஸ்டு 5 வரை திருவிழா. எந்த மதத்துக்காரரானாலும் அந்த நாட்களில் ஊரில் வீட்டுக்குள் இருக்க மாட்டார். தங்கத் தேர் சில ஆண்டுகளில் மட்டும்தான் ஓடும். ஓடுகிற ஆண்டில் நீங்களும் போய்விட்டு வாருங்கள்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புழுக்கம் உண்டு, வியர்த்துக் கொட்டும். உப்புக்காற்றில் பீரோவும் சைக்கிளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிர் போனது. அந்தக் காயம் ஊருக்குள் இன்னும் இருக்கிறது. மகள் தானாக அதைக் கேட்க வேண்டாம். பழகின பிறகு அவர்களே சொல்வார்கள், அப்போது பொறுமையாகக் கேட்டுக்கொள்ளட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதனால் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், அந்த வெள்ளத்தில் இந்த வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் எதிர்வீட்டிலும் கேளுங்கள். குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது அடுத்த கேள்வி. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனிதர்களைப் பற்றி உங்களுக்குப் பயம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. நான் குடியிருந்த வீட்டு ஆச்சி, "ஏ மக்கா, தண்ணி பிடிச்சாச்சா?" என்று தினமும் ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார். முதலில் அதட்டுகிறார் என்றே நினைத்தேன். காய்ச்சலில் மூன்று நாள் படுத்தபோது கஞ்சியும் சுட்ட கருவாடும் அதே ஜன்னல் வழியாக வந்தன. பேச்சு நம் ஊரைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கும், அவ்வளவுதான்.

மைசூர்–தூத்துக்குடி ரயில் ராத்திரியில் நம் தர்மபுரி நிலையத்தில் நின்றுதான் போகிறது. ஏறிப் படுத்தால் மறுநாள் பகலில் இறங்கலாம். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். ராகி மாவு இரண்டு கிலோ கட்டிக்கொடுங்கள். திரும்பும்போது மக்ரூன் வாங்கி வாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை மூன்றும் சேர்ந்து கூம்பு கூம்பாக வெந்திருக்கும், வாயில் போட்டால் கரையும். அக்கம்பக்கத்தாருக்கும் கொடுங்கள். டப்பா மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள், காற்றுப் பட்டால் நமத்துப் போகும்.