ஆயாவின் கதையை நானே போடவா, பதிப்பகத்திடம் கொடுக்கவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், கடிதத்தின் முக்கியப் பகுதி இது: "எனக்கு 67 வயது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த என் ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்ட கதைகளையும் கும்மிப் பாட்டுகளையும் ஆறு வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் சுமார் 180 பக்கம் வருகிறது. பேத்தி அதை ஆங்கிலத்திலும் எழுதி முடித்துவிட்டாள். சென்னையில் ஒரு பதிப்பகம் 75,000 ரூபாய் கேட்கிறது, 50 பிரதி தருவார்களாம். டர்பனில் ஒரு அச்சகம், 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் அச்சடித்துத் தருகிறோம்' என்கிறது. மகன், அமேசானில் ஏற்றிவிடலாம் என்கிறான். எதைச் செய்வது?"

அம்மா, மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் கையில் இருப்பது இரண்டு புத்தகங்கள். ஆங்கிலப் புத்தகத்தை வாங்கப்போகிறவர்கள் உங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மாரிட்ஸ்பர்க் என்று நட்டால் முழுக்க இருக்கும் பேரப்பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்க வராது. தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஆளால் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

என் யோசனை இதுதான். ஆங்கிலப் பதிப்பை டர்பனில் நீங்களே போடுங்கள். தமிழைச் சென்னையில் ஒரு பதிப்பகத்திடம் கொடுங்கள், ஆனால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இது எப்படி முடியும் என்றால், பதிப்பகத்துக்கு நாம் கொடுப்பது புத்தகத்தை அல்ல, அதை வெளியிடும் உரிமையை. அந்த உரிமையை மொழிவாரியாக, நாடுவாரியாக, அச்சு, மின்னூல், ஒலிநூல் என்று வடிவவாரியாக, வருடக் கணக்காகவும் பிரித்துத் தரலாம். நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பதற்கும் மூன்று வருடக் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் குத்தகைதான் சரி.

முதலில் டர்பன் பதிப்பு. இதில்தான் உங்கள் கைக்காசு போகப்போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்குக்காக, 200 பிரதி அடிக்க அச்சகம் பிரதிக்கு 90 ராண்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,000 ராண்ட். (கொட்டேஷனில் 15% வாட் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், கடைசியில் சேர்த்தால் கணக்கே மாறிவிடும்.) விலை 200 ராண்ட் வைத்து நீங்களே கையில் விற்றால் 90 பிரதியிலேயே போட்ட காசு வந்துவிடும். இதையே புத்தகக் கடையில் வைத்தால் கடைக்கழிவு 40 முதல் 50 சதவீதம் வரை போகும். 45 என்றால் உங்கள் கைக்கு வருவது 110 ராண்ட், அச்சுக் கூலி போக 20. அதுவும் விற்றால்தான் காசு, விற்காதது திரும்பி வரும். நடுவில் விநியோகஸ்தர் ஒருவர் இருந்தால் அந்த 20-உம் கரைந்துவிடும். கடையை நம்பி 500 பிரதி அடித்துவிட்டு, கராஜில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 200-ஐத் தாண்டாதீர்கள். தீர்ந்தால் இன்னொரு 100 அடித்துக்கொள்ளலாம், டிஜிட்டல் அச்சில் அது ஒரு வார வேலை.

கையில் விற்க இடமா இல்லை? ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கூம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். காவடி இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களை 1860-இல் முதன்முதலாக ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்த நவம்பர் 16 இருக்கிறது, அன்றைக்குக் கூட்டம் போடாத சங்கம் இல்லை. கோயில் கமிட்டியிடம் ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். உங்கள் வயதில் ஒரு பாட்டி தன் ஆயாவின் கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போக யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கலோனியல் நம்பரைக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்த 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் அப்படி ஒரு எண் உண்டு. தங்கள் குடும்பத்து எண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் ஏராளம். அதனால் புத்தகத்தின் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்கி, கதையில் வரும் மனிதர்களின் பெயர், எண், கப்பல், சொந்த ஊர், வேலை செய்த தோட்டம் எல்லாவற்றையும் பட்டியலாகப் போடுங்கள். மேசைக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

கும்மிப் பாட்டுகளை ஆங்கிலப் பதிப்பில் மொழிபெயர்ப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. தமிழ் எழுத்தில் ஒரு முறை, அதன் கீழே பேரப்பிள்ளைகள் வாய்விட்டுப் பாட ஏற்றபடி ஆங்கில எழுத்தில் ஒரு முறை, அப்புறம் பொருள். இப்படிச் செய்தால்தான் ஆயாவின் குரல் புத்தகத்தில் இருக்கும்.

இங்கேதான் நான் பட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் டர்பனில் ஓர் அச்சகத்தில் பஜனைப் பாட்டுப் புத்தகம் ஒன்று போட்டேன், 300 பிரதி. பெட்டியைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தால், "தேவி" என்ற சொல்லில் முதலில் 'த' நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டம், இரட்டைக்கொம்பு அந்த வட்டத்தில் தொங்குகிறது, அப்புறம் 'வி'. புத்தகம் முழுக்கக் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. நான் கொடுத்தது வேர்ட் ஃபைல். அவர்கள் அதை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொட்டியபோது, இந்திய எழுத்துகளுக்கான 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போடவில்லை. அச்சடித்த பையனுக்குத் தமிழ் தெரியாது. பிழை அவன் கண் முன்னால்தான் இருந்தது, ஆனால் அவனுக்கு அது பிழையாகத் தெரிய வழியில்லை. 300 பிரதியும் வீண்.

இந்த ஊரில் இது பழைய கதை. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. 1906-இல் தமிழையும் இந்தியையும் நிறுத்தினார்கள். எழுதவும் அச்சுக் கோக்கவும் சரியான ஆள் கிடைக்காததே காரணம். அந்தக் குறையை இன்றைக்கு நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். பக்க வடிவமைப்பைத் தமிழ் தெரிந்தவரிடம் முடித்து, ஃபாண்ட் உள்ளே பதிந்த பி.டி.எஃப். ஆக மட்டுமே அச்சகத்துக்குக் கொடுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்குங்கள். கணினித் திரையில் பார்த்தது போதாது. அந்தப் பிரதியில் கெ, கே, கை, கொ, கோ வரும் இடங்களை எல்லாம் விரல் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் "அடிங்கள்" என்று எழுத்தில் சொல்லுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் தேசிய நூலகம் அதை இலவசமாகவே தருகிறது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அச்சுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். வெளியிடுகிறவர் நீங்கள் என்பதால் 1997-ஆம் ஆண்டின் சட்ட வைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளை நூலகங்களுக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்பு: பிரிட்டோரியாவிலும் கேப்டவுனிலும் உள்ள தேசிய நூலகம், நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபான்டைனில் மங்காவுங், மாரிட்ஸ்பர்க்கில் முசுண்டுசி நூலகம். இதைச் செலவாக நினைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் ரேகை வைத்த உங்கள் ஆயாவின் பெயர், அவர் வந்து இறங்கிய நாட்டின் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கப்போகிறது.

ஆங்கிலப் பதிப்பை ஜகானா, ஜோனதன் பால் போன்ற இங்குள்ள பதிப்பகங்களுக்கு அனுப்பக் கூடாதா என்றால், அனுப்பலாம். செலவு முழுக்க அவர்களுடையது. எழுத்தாளருக்குத் தரும் பங்கான ராயல்டி பெரும்பாலும் நிகர வரவில் 10 முதல் 15 சதவீதம். ஆனால் பதிலுக்கே மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், எடுத்துக்கொண்டாலும் புத்தகம் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். தமிழ்ப் பாட்டுகளைக் குறைக்கச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. உங்கள் அண்ணனுக்கு 81 வயது, அவர் கையில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்த வழி வேண்டாம் என்கிறேன்.

இனிச் சென்னை. அங்கே 180 பக்கப் புத்தகத்துக்கு 220 ரூபாய் விலை வைப்பார்கள் என்று கொள்வோம். 75,000 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கும் 50 பிரதியின் முகவிலை மொத்தம் 11,000. மீதி 64,000 எதற்கு? பதிப்பகத்தின் செலவையும் நஷ்ட பயத்தையும் நீங்களே சுமப்பதற்கு. பணம் முன்னாலேயே வந்துவிட்டால் அந்தப் புத்தகம் விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்காது. செலவை நாம் போட்டுப் பெயரை அவர்கள் போட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியீடு என்று பெயர் வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

சொந்தப் பணம் போட்டு வெளியிடும் பதிப்பகம் 10 சதவீத ராயல்டி தரும். ஒரு காலத்தில் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி. இப்போது 300 என்பதே சகஜம். 300-உம் விற்றால் உங்களுக்கு 6,600 ரூபாய், நம் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் ராண்ட். பணத்துக்காக அங்கே போக வேண்டாம் என்பது இதிலிருந்தே தெரியும். அங்கே கிடைப்பது வேறு: மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஆள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஓர் இடம், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் ஊர் ஊராக நூலகங்கள். நட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களின் சொந்த ஊரில் அவர்கள் கதையை யாராவது படிப்பார்கள். மூன்று பதிப்பகங்களுக்கு முதல் இரண்டு அத்தியாயமும் ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்புங்கள். "நூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அதுவும் பணம் கேட்பதுதான்.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள். "தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும்" என்று இருக்க வேண்டும். "எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் பேத்தியின் ஆங்கிலப் புத்தகமும் போய்விடும். காலம் மூன்று வருடம். பிரதி தீர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை எழுத்தில் கணக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும், வேறுவிதமாக எழுதாத வரை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்றும் கொள்ளப்படும். ஆனால் "நிரந்தரமாக" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தத் துணை கிடைக்காது. இங்கே தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுத்தில் கையெழுத்தில்லாமல் உரிமை முழுதாகக் கைமாறாது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் யோசிக்காமல் "சரி" என்று சொல்லிவிடாதீர்கள்.

மகன் சொல்வதும் சரிதான், ஆனால் அது மூன்றாவது வேலை. அமேசானின் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல் வருகிறது. சென்னை ஒப்பந்தத்தில் மின்னூலை உங்களிடமே வைத்துக்கொண்டால் இரண்டு மொழியையும் நீங்களே ஏற்றலாம். விலை 2.99 டாலர் முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் ராயல்டி 70 சதவீதம் வரை, அதற்கு வெளியே 35 சதவீதம். வரிப் படிவத்தில் மகன் உங்கள் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை) வரி எண்ணைச் சரியாகப் போடட்டும். அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தப்படி ராயல்டியில் அமெரிக்க வரிப் பிடித்தம் கிடையாது. எண் போடாமல் விட்டால் அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

சென்னைக்காரருக்கு இந்த வாரமே மரியாதையாக ஒரு வரி எழுதிவிடுங்கள், பணம் கொடுத்து வெளியிடும் எண்ணம் இல்லை என்று. அப்புறம் அண்ணனை உட்காரவைத்துக் கும்மிப் பாட்டுகளை ஒரு முறை பாடச் சொல்லி, கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பாருங்கள். ஆயா பாடியதைக் கேட்ட காது இனி அவருடையதும் உங்களுடையதும்தான்.