டியூப்லெஸ் சைக்கிள் டயர் பஞ்சரானால் எப்படிச் சரிசெய்வது?

டியூப்லெஸ் டயர் என்பது உள்ளே தனி டியூப் இல்லாத டயர். அதன் விளிம்பு ரிம்மில் இறுகப் பதிந்து, காற்றைத் தானே பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே ரப்பர் பால் கலந்த திரவம் கொஞ்சம் ஊற்றியிருப்பார்கள்; அதற்கு சீலண்ட் என்று பெயர்.

முள் குத்தினால் வெளியேறும் காற்று சீலண்டையும் இழுத்து வருகிறது. அதிலுள்ள நுண்துகள்கள் துளையில் சிக்க, ரப்பர் பால் அவற்றைச் சுற்றி உறைந்துவிடுகிறது. பலாப்பழம் நறுக்கும்போது கத்தியில் ஒட்டும் பால் சற்று நேரத்தில் இறுகிப்போகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆகவே முள்ளைப் பிடுங்கியதும் துளை கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலான சிறு துளைகள் அப்படியே அடைபடும்.

சில மில்லிமீட்டர் அகலமான வெட்டு என்றால், பசையுள்ள ரப்பர் திரியை ஊசியால் திணித்துக் காற்றடிக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் திரியை நம்பாதீர்கள். டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டுச் சாதாரண டியூப் ஒன்றைப் போட்டு வீடு சேருங்கள். அதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். சீலண்ட் முன்பே அடைத்துவிட்ட பழைய முட்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுக்காவிட்டால் புது டியூபும் உடனே போய்விடும்.

சீலண்டை ஒருமுறை ஊற்றினால் டயர் தேயும்வரை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சில மாதங்களில், வெயில் மிகுந்த ஊர்களில் இன்னும் விரைவாகவே, காய்ந்துவிடுகிறது.