ஹெவி லைசென்ஸுக்கு மெடிக்கல்: கேள்விகளும் என் பதில்களும்

ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுக்கிற மெடிக்கல் சர்டிபிகேட்டில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் இத்தனை கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் படிவம் நிரப்பிக்கொடுத்துக்கொண்டு, பையன்களுக்கு கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

தாழையூத்து, சிமெண்ட் லோடு ஓட்டுகிற தம்பி: அண்ணாச்சி, ஹெவி லைசென்ஸ் 3 வருஷம் என்கிறான் ஒருத்தன், 5 வருஷம் என்கிறான் இன்னொருத்தன். எது சரி? ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் வேண்டுமா?

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், காலம்தான் வேறே. முன்பு 3 வருஷம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த செப்டம்பரிலிருந்து 5 வருஷம். ஆசிட், கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுகிற டேங்கர்காரர்களுக்கு முன்பு ஒரே வருஷம்தான், இப்போது 3. தூத்துக்குடிப் பக்கம் டேங்கர் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், மற்றவர்களைப் பார்த்து நமக்கும் 5 என்று இருந்துவிடாதீர்கள்.

மெடிக்கல் ஒவ்வொரு தடவையும் வேண்டும். அதற்குப் பெயர் படிவம் 1ஏ, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. படிவம் 1 என்பது வேறு, அது நீங்களே உங்கள் உடம்பைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற உறுதிமொழி. கார், பைக் மட்டும் வைத்திருப்பவருக்கு 40 வயது வரைக்கும் படிவம் 1 போதும், 40 தாண்டினால் அவருக்கும் 1ஏ.

பேட்டை: டாக்டர் என்னதான் பார்க்க வேண்டும்? என்னை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கும் அதே கதைதான். ஒரு தடவை புதுப்பிக்கப் போனபோது புரோக்கர் ஒருவர் என் போட்டோவையும் படிவத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார், நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன், டீ ஆறுவதற்குள் சீல் வைத்து வந்துவிட்டது. அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. என் இடது கண்ணில் பார்வை குறைந்திருந்தது எனக்கே தெரிந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து, புளியரை வளைவில் எதிரே வந்த வைக்கோல் லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணக்குத் தப்பி, பக்கக் கண்ணாடி போய்விட்டது. கண்ணாடியோடு போனது, அவ்வளவுதான்.

படிவத்தில் இருப்பது இதுதான்: பார்வைக் குறை உண்டா, உண்டென்றால் கண்ணாடி போட்டுச் சரிசெய்தாயிற்றா, நிறம் பிரித்துத் தெரியாத குறை கடுமையாக உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, ஹாரன் மாதிரி சாதாரணச் சத்தம் கேட்காத அளவுக்குக் காது மந்தமா, மாலைக்கண் உண்டா, கை காலில் வண்டி ஓட்டத் தடையாக ஏதும் குறை உண்டா. ரத்த வகை விருப்பப்பட்டால் எழுதலாம். தூரப்பார்வை, காது, கை, கால், மூட்டு எல்லாவற்றையும் தனிக் கவனம் எடுத்துப் பார்த்தேன் என்று டாக்டர் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பார்க்காமல் போட்டால் அது அவர் பாவம், ஆனால் ஸ்டியரிங் உங்கள் கையில்தானே இருக்கிறது.

நான் இப்போது பையன்களுக்கு இதை ரோட்டிலேயே செய்து காட்டுவேன். பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட 25 மீட்டர் வரும். அந்தத் தூரத்தில் நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை அமுக்காமல் மூடிக்கொண்டு, எதிரே நிற்கிற காரின் நம்பரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அப்புறம் கண்ணை மாற்றி வேறொரு கார். அதே காரையே படித்தால் முதல் கண் மனப்பாடம் செய்ததை இரண்டாவது கண் ஒப்பிக்கும். 3-ஐயும் 8-ஐயும் குழப்பினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இப்போது டாக்டரே, லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிற அரசு இணையதளமான சாரதி தளத்தில் தன் பெயரில் நுழைந்து சான்றை நேரடியாக ஏற்றுகிற முறை வந்துவிட்டது. அதனால் போகும்முன், ‘சாரதியில் பதிவு செய்திருக்கிறீர்களா சார்’ என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

சங்கரன்கோவில்: பிரஷர், சுகர் இரண்டும் இருக்கிறது. சொன்னால் லைசென்ஸ் போய்விடுமா அண்ணாச்சி? சொல்லாமல் விட்டால் என்ன?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நேராகச் சொல்கிறேன். 1ஏ படிவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் தனிக் கட்டமே கிடையாது, இத்தனைக்கு மேலே போனால் லைசென்ஸ் கிடையாது என்று எந்த எண்ணும் அதில் இல்லை. அதனால் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதற்காக யாரும் லைசென்ஸைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுகிற படிவம் 1-ஐ ஒழுங்காகப் படியுங்கள். வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா, தலைசுற்றல் வருமா, நீங்கள் ஓட்டினால் பிறருக்கு ஆபத்தாகும்படி வேறு நோய் ஏதும் உண்டா என்று அதில் கேட்கிறது. சுகர் இருக்கிறது என்பது அங்கே பிரச்சினை இல்லை. சுகர் இறங்கி மயக்கம் வருகிறதா என்பதுதான் பிரச்சினை.

நம் ஆட்கள் சுகர் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். ரோட்டில் ஆளைக் கொல்வது இறங்குகிற சுகர். எனக்கே நடந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், சாத்தூரில் சாப்பிடலாம் என்று நினைத்தேன், கடை மூடியிருந்தது, சரி கோவில்பட்டி என்று ஓட்டினேன், அங்கேயும் நிறுத்தவில்லை. கயத்தாறு நெருங்கும்போது ராத்திரி இரண்டரை மணி. முதலில் உள்ளங்கை ஈரமாகி ஸ்டியரிங் வழுக்கியது. அப்புறம் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு இரண்டு நான்காகத் தெரிந்தது. கிளீனர் பையன் ஏதோ கேட்டான், அவன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், ஏன் என்றே தெரியவில்லை. அந்தப் பயல்தான் ‘அண்ணாச்சி, ஓரங்கட்டுங்க’ என்று கத்தி நிறுத்த வைத்தான். வீட்டுக்கென்று, லோடு ஏற்றிப் போகும்போதே கோவில்பட்டியில் அவன் வாங்கி வைத்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் திணித்தான். கால் மணி நேரத்தில் மனிதனானேன். பிறகு டாக்டர் சொன்னார், கடலைமிட்டாயில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும், சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடிப்பதுதான் வேகம் என்று.

ஆகவே இன்சுலின் போடுகிறவர்களும், சுகரை இறக்குகிற வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வண்டியில் சின்ன மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்முன் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் சாவியைத் தொடாதீர்கள், மூன்று ஸ்பூன் சீனி, பதினைந்து நிமிஷம், மறுபடி பாருங்கள். சாப்பிடப்போகிற நேரம் தெரியாமல் மாத்திரையைப் போடாதீர்கள். உங்கள் வேலை ராத்திரி வேலை என்று டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையையும் நேரத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றித் தருவார். பாதிப் பேர் என்ன வேலை என்றே டாக்டரிடம் சொல்வதில்லை.

பிரஷருக்கு ஒரு வார்த்தை. மெடிக்கல் எடுக்கிற அன்றைக்கு மட்டும் மாத்திரை போட்டுவிட்டுப் போகிற புத்திசாலிகள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அவர்கள் டாக்டரை ஏமாற்றவில்லை.

சுரண்டை: சிவப்பு, பச்சை கொஞ்சம் மங்கலாகத்தான் பிரித்துத் தெரிகிறது. தலையில் துண்டுதானா?

இல்லை. 2020 ஜூனில் விதியை மாற்றிவிட்டார்கள். லேசான, நடுத்தர நிறக்குறை இருப்பவர்களுக்கு லைசென்ஸ் உண்டு, கடுமையான நிறக்குறைக்குத்தான் கிடையாது. உங்களுக்கு எந்த அளவு என்று கண் டாக்டரிடம் சோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம்: அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று, லென்ஸ் வைத்திருக்கிறார்கள். திரும்ப லாரி ஓட்டலாமா?

கண்ணாடி போட்டு நம்பர் பிளேட் தெரிந்தால் லென்ஸ் ஒரு தடையே இல்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுவாரமே வண்டி எடுக்கக் கூடாது, புண் ஆறிக் கண் நிலைக்கு வந்த பிறகுதான் கண்ணாடிக்கே எழுதிக்கொடுப்பார்கள். கண் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லட்டும், அதன்பிறகு 1ஏ எடுங்கள். ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் சிதறித் தெரிகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். பெரியவர்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அம்பாசமுத்திரம்: ஒரு கண் போய்விட்டது. ஹெவி ஓட்டி 15 வருஷ அனுபவம்.

வருத்தமான பதில்தான் தம்பி. ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக நம்பர் பிளேட் தெரிகிறதா என்றுதான் படிவம் 1 கேட்கிறது. 5 வருஷமாவது லைசென்ஸ் வைத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு கண் போனவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அது சொந்த உபயோக இலகு வாகனத்துக்கு மட்டும். கார் ஓட்டலாம், லாரி கிடையாது.

வள்ளியூர்: லைசென்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகிறது. மறுபடி 8 போட்டுக் காட்டணுமா?

வேண்டாம். முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து ஒரு வருஷம் பின்னால் வரை விண்ணப்பிக்கலாம், அந்த ஒரு வருஷத்தையும் தாண்டினால்தான் டெஸ்ட். ஆனால் இந்த நாலு மாதமும் வண்டி ஓட்டியிருந்தீர்கள் என்றால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குத்தான். முன்பு 30 நாள் சலுகை இருந்தது, 2019-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பிடித்தால் உங்களுக்கு 5,000, வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் 5,000. அதைவிட, அந்த நேரத்தில் ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது லைசென்ஸ் தேதியைத்தான். ஒரு வருஷம் முன்னாலேயே எடுக்க வழி இருக்கும்போது கடைசி வாரம் வரை ஏன் இழுக்க வேண்டும்? முன்னால் எடுத்தால் கண்ணிலோ காதிலோ குறை தெரிந்தாலும் வைத்தியம் பார்த்துவிட்டு வர நேரம் இருக்கும்.

பாவூர்சத்திரம், ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். தூக்கத்தில் பயங்கரக் குறட்டை, நடுவில் மூச்சு நின்ற மாதிரி ஆகிறது. பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். மெடிக்கலில் எல்லாம் சரி என்று கொடுத்துவிட்டார்கள்.

தங்கச்சி, இங்கே வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படிவத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, அதனால் அவர்கள் சரி என்று கொடுத்ததில் அர்த்தமில்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற நோய் என்று ஒன்று உண்டு. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும் தூங்கின கணக்கு ஆகாது, மறுநாள் ஸ்டியரிங்கில் கண் சொக்கும். ஆரியங்காவு இறக்கத்தில் ஒரு நொடி சொக்கினால் போதும். நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ கூட்டிப்போங்கள், நீங்களும் கூடவே போங்கள், ஏனென்றால் குறட்டை விடுகிறவருக்குத் தான் விடுவது தெரியாது. மூச்சு நிற்கிறதைப் போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஒரு ராத்திரி தூங்கவைத்துச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் மூக்கில் மாட்டிக்கொள்கிற காற்று மெஷின் கொடுப்பார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று அவர் முரண்டு பிடித்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

நாங்குநேரி: அக்கா மகன் அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறான். அங்கே மெடிக்கல் ரொம்பக் கெடுபிடியாமே?

ஆமாம். அங்கே எந்த டாக்டரிடமும் போக முடியாது, மத்திய அரசின் பட்டியலில் பதிவானவரிடம்தான். சான்று அதிகபட்சம் 24 மாதம். பிரஷர் 140/90-க்குக் கீழே இருந்தால்தான் முழு இரண்டு வருஷம். 159/99 வரை என்றால் ஒரு வருஷம். 160/100-ஐத் தொட்டால் ஒரே ஒரு தடவை மூன்று மாத அவகாசம். 180/110 என்றால் இறங்கும் வரை ஸ்டியரிங் கிடையாது. காதுக்கு ஐந்தடி தூரத்தில் நின்று கிசுகிசுத்துப் பார்ப்பார்கள். இன்சுலின் போடுகிறவர்களை 2018-க்குப் பிறகு, மூன்று மாத சுகர்க் கணக்கோடு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் எழுதிக்கொடுத்தால், அனுமதிக்கிறார்கள். ஒரு கண் இருப்பவர்களுக்கும் 2022-இல் வழி திறந்தார்கள். சான்று காலாவதியானால் 60 நாளுக்குள் மாநில அரசு கமர்ஷியல் லைசென்ஸை இறக்கிவிடும், சாதாரண கார் லைசென்ஸ்தான் மிஞ்சும். அந்த பிரஷர்க் கட்டம் நம் படிவத்திலும் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

தென்காசி: லைட் லைசென்ஸ் வைத்து மினி லாரி ஓட்டலாமா?

7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் ஓட்டலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது.

களக்காடு: டாக்டர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் அவ்வளவுதானா? லைசென்ஸ் நடுவில் பறிபோகுமா?

குறை சரிசெய்யக்கூடியது என்றால் சரிசெய்துவிட்டு மறுபடி போங்கள். கண்ணாடி, காது மெஷின் போட்டுக்கொள்வதில் வெட்கம் எதற்கு? ஆர்டிஓ ஆபீஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடுவிலும் பறிபோகலாம், ஆம். ஓட்டுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால் லைசென்ஸ் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புது மெடிக்கல் கேட்கலாம், சட்டத்தின் 16-ஆம் பிரிவு அது. உடம்பு முடியாது என்று தெரிந்தே ஓட்டினால் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000 வரை அபராதமும் உண்டு.

மிச்சம் ஐந்தாறு கேள்வி எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று பற்றியும் பர்மிட் பற்றியும் இருக்கிறது. அது வேறொரு நாள், இப்போது வகுப்புக்குப் பையன்கள் வந்து நிற்கிறார்கள்.