மூன்று கொப்பி, ஒரே ஆஸ்பத்திரி

கேள்வி: டாக்சிக்காரர்களும், ஊபர், பிக்மி மாதிரி போன் செயலியில் வண்டி அனுப்பும் கம்பனிகளும் தங்கள் பயணத் தரவுகளை நகரப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரே வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, நம் மலையகத்துக்கு இதெல்லாம் தேவையா?

தேவை. நான் ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறவன். எங்கள் ஸ்டாண்டின் வரிசைக் கொப்பியை (எந்தச் சவாரி எங்கே போனது என்று குறிக்கும் நோட்டு) எழுதுவதும் நான்தான். அதனால் கொப்பியிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கொஞ்ச காலத்துக்கு முன் வண்டி நிறுத்த இன்னும் கொஞ்சம் இடம் கேட்டு, மூன்று ஸ்டாண்ட்காரர்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "ஒரு நாளைக்கு எத்தனை ஹயர் (சவாரி), எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்று கொப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏ.எல். படிக்கும் மகளோடு உட்கார்ந்தேன். கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனதை ஒருவர் 'கிளங்கன்' என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 'டிக்கோயா ஆஸ்பத்திரி', மூன்றாமவர் வெறும் 'பெ.ஆ.' (பெரிய ஆஸ்பத்திரியாம்!). நோயாளியை இறக்கி, காத்திருந்து, திரும்பக் கூட்டிவந்தால் எங்கள் கொப்பியில் இரண்டு ஹயர், பக்கத்து ஸ்டாண்டில் ஒன்று. ஒரு கொப்பியில் நேரமே இல்லை. இரண்டு இரவு மெனக்கெட்டும் கூட்டுத்தொகை நிற்கவில்லை. கடைசியில் 'விபரம் போதாது' என்று கடிதம் வந்தது.

தரவை ஒரே வடிவத்தில் கொடுப்பது என்று சொல்வது இதைத்தான். பயணம் என்றால் எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடத்துக்கு என்ன பெயர் என்று எல்லோரும் முதலில் ஒத்துக்கொள்வது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2018இல் வாடகை ஸ்கூட்டர்களுக்காக அப்படி ஒரு பொது வடிவத்தை உருவாக்கியது. இப்போது அது டாக்சிகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டுநர்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், நியூயோர்க்கைப் பாருங்கள். அங்கே செயலி நிறுவனங்கள் ஒவ்வொரு பயணத்தின் விபரத்தையும் டாக்சி ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஆளோடு ஓடுகிறார், எவ்வளவு நேரம் சும்மா சுற்றுகிறார் என்பது அதில் வெளிச்சமானது. அந்தக் கணக்கை வைத்துத்தான் செயலி ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தார்கள், 2019இல் அது நடைமுறைக்கு வந்தது. தரவு கம்பனியின் பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

நமக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டில் அளந்து கொடுக்கும் முறை வந்தபோது ஓட்டோவுக்கு ஆரம்பத்தில் வாரம் 5 லீட்டர். கொழும்பின் சமதரையிலும் 5 லீட்டர், முதல் கியரில் முனகிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறும் வண்டிக்கும் 5 லீட்டர். வண்டி இலக்கம் அவர்கள் கையில் இருந்தது, ஏற்றம் இல்லை. வெறுமனே திரும்பி வருவதும் இல்லை. தோட்டத்துக்கு ஆளை இறக்கப் போனால் திரும்பும்போது சவாரி கிடைப்பது அபூர்வம். "ஏன் இவ்வளவு கேட்கிறாய்?" என்று சண்டை வருவதும் அந்த வெறும் ஓட்டத்தால்தான்.

தூரமும் அப்படித்தான். எதிர் மலை லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூப்பிடு தூரத்தில் இருக்கும், அங்கே நிற்கிற ஆளின் சட்டை நிறம்கூடத் தெரியும். போக வேண்டுமென்றால் ஓடையைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டர். ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் மட்டும் குறித்துவிட்டு நடுவில் கோடு போட்டால் அது எங்கள் தூரம் ஆகாது. ஓடிய கிலோமீட்டர் தனியாக வேண்டும்.

சரி, ஆபத்து இல்லையா? இருக்கிறது. 2014இல் நியூயோர்க்கின் டாக்சித் தரவு, 2013ஆம் ஆண்டுக்குரியது, தகவல் கேட்ட ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. வண்டி இலக்கங்களைக் குறியீடாக மாற்றித்தான் கொடுத்தார்கள். அந்த இலக்கங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அமைப்பு உண்டு என்பதால் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். பிரபலங்கள் டாக்சியில் ஏறும் பழைய படங்களோடு ஒப்பிட்டு, யார் எங்கே போனார் என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். சிக்காகோ கொஞ்சம் உஷார். செயலிப் பயணங்களின் நேரத்தை 15 நிமிடத்துக்கும் கட்டணத்தை 2.50 டொலருக்கும் கிட்டமுட்ட ஆக்கி வெளியிடுகிறது. ஒரு சிறு பகுதியில் அந்த நேரத்தில் ஓரிரு பயணங்களே இருந்தால் பகுதியின் பெயரை மறைத்து, அதைவிடப் பெரிய பகுதியை மட்டும் காட்டுகிறது.

அந்த உஷார்கூட இங்கே அப்படியே செல்லாது. நடுச்சாமம் 1.40க்கு ஒரு தோட்டத்து டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹயர் என்றால் பெயரே வேண்டாம். விடிந்து வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு வருகிற எல்லோருக்கும் அது யார் வீடு என்று தெரியும். நேரத்தை 15 நிமிடத்துக்கு மழுப்பி என்ன பயன்? அந்த இரவில் அந்தப் பக்கம் ஓடியதே ஒரு வண்டிதான். எங்களைப் போன்ற இடங்களில் இரவுப் பயணங்களை மாதக் கூட்டுத்தொகையாக மட்டும் கொடுப்பதே சரி என்பது என் கட்சி. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இலேயே 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிவிட்டது. வடிவத்தை வகுக்கிறவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரட்டும்.

இன்னொன்று. இங்கே முக்கால்வாசி ஹயர் செயலியில் வருவதில்லை. "அண்ணே, ஸ்கூல் கிட்ட வாங்க" என்று போனில்தான் வருகிறது. செயலிக் கம்பனியிடம் மட்டும் தரவு வாங்கினால் டவுன் ஹோட்டலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள்தான் தெரிவார்கள், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து கிளினிக்குக்குப் போகிற அக்கா தெரியமாட்டார். ஸ்டாண்ட் கொப்பியும் அந்த வடிவத்துக்குள் வர வேண்டும்.

இப்போது மூன்று ஸ்டாண்டிலும் ஒரே மாதிரி பத்தி அடித்திருக்கிறோம்: நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், கிலோமீட்டர், திரும்பியது. இடப்பெயர் பட்டியல் மகளின் கையெழுத்தில் கொப்பி அட்டைக்குள் ஒட்டியிருக்கிறது. கடைசிப் பத்தியை எழுதத்தான் பையன்களுக்குப் பிடிக்கவில்லை. "வெறுமனே வந்ததை வேறு எழுதி வயிறெரியணுமா அண்ணே?" என்பான் ஒரு தம்பி. ஆனாலும் 'வெ' என்று ஒரே எழுத்தைப் போட்டுவிட்டுப் போவான். பொகவந்தலாவைப் பக்கம் போன நாட்களில் மேலிருந்து கீழ்வரை வெ, வெ, வெ.