"அது என் சீட் இல்லை" என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் செயல் அலுவலர் நான். ஒருவர் லீவு போட்டால் அவர் வேலையை அடுத்தவர் தொடுவதில்லை. மெமோ கொடுத்தும் பார்த்துவிட்டேன். தாங்களாக முன்வந்து உதவ வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மெமோவால் முடியாது. பயந்து செய்பவர் மெமோவில் எழுதியதோடு நிறுத்திக்கொள்வார். டென்னிஸ் ஆர்கன் என்ற மேலாண்மை அறிஞர் 1988-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்: தானாக முன்வந்து செய்வது விதியில் இல்லாத உதவி, அதிகாரி பாரபட்சம் பார்க்காத இடத்தில்தான் வளரும்.

உங்கள் ஆட்களுக்குச் சோம்பல் இல்லை, பயம். நாலு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்ன சீட் நாலு வருடம் கூடுதல் பொறுப்பாகத் தலையில் உட்கார்ந்துவிடும். காலியிடத்தை நிரப்பாமல் 'பொறுப்பு' போட்டே காலம் தள்ளும் நிர்வாகம்தான் இதைக் கற்றுக்கொடுத்தது. ஆகவே யார், எத்தனை நாள், எந்தத் தேதியில் திருப்பி ஒப்படைப்பது என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30-க்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்பதால் கவுன்டரில் கூட்டம் நெரியும். அப்போது ஒரு மணி நேரம் நீங்களே அங்கே உட்காருங்கள், அடுத்தவர் வேலையை நீங்களும் தொடுவதை அவர்கள் பார்க்கட்டும்.

அப்புறம், அலுவலக வாசலைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்கக் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்த பெண்ணிடம் "அந்த சீட் லீவும்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அவர் படி இறங்குவதற்குள் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "என்னம்மா வேலை?" என்கிறார். புரோக்கர் பிழைப்பது இந்த 'நாளைக்கு வாங்க'வில்தான். உதவி என்ற பெயரில் பாஸ்வேர்டு, ஓடிபி கைமாறவும் விடாதீர்கள், அதுவும் புரோக்கர்களுக்குத்தான் வசதி. ஒரே நாள் பயிற்சியில் ஊழியர்களை மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களுக்கும் பேரூராட்சிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் நிரந்தர ஊழியர்களுக்கு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடம் "கொஞ்சம் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். மறுத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர் செய்வது தன்னார்வம் ஆகாது, கூலி இல்லாத வேலை அது. அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். அதை நம்பாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் கூட்டம் உங்கள் பஸ் ஸ்டாண்டில் குப்பை போட்டுவிட்டுப் போனால், கூடுதல் ஆளுக்கும் கூடுதல் கூலிக்கும் முன்கூட்டியே ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள். அந்த நேரம் வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.