மாமியாருக்கு விடுப்பு உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் 14 மாதமாக வேலை பார்க்கிறேன். மாமியாருக்கு அறுவை சிகிச்சை. ‘குடும்ப, மருத்துவ விடுப்பு சட்டப்படி’ என்று ஒப்பந்தத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு விடுப்பு கிடைக்குமா?

பதில்: கூட்டாட்சிச் சட்டப்படி கிடைக்காது. 1993ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ‘பெற்றோர்’ என்பதில் மாமனார், மாமியார் சேர்த்தி இல்லை. பலரும் இடறுவது இங்கேதான். கலிபோர்னியா, நியூஜெர்சி மாநிலச் சட்டங்களோ மாமியாரையும் சேர்க்கின்றன. முதலில் உங்கள் மாநிலத்தைப் பாருங்கள்.

உங்கள் கணவர் தன் தாய்க்காகக் கேட்கலாம். ஒரே நிறுவனத்தில் 12 மாத வேலை, கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேர உழைப்பு, வேலையிடத்தைச் சுற்றி 75 மைலுக்குள் அந்நிறுவனத்துக்குக் குறைந்தது 50 ஊழியர்: மூன்றும் இருந்தால் 12 வாரம். சம்பளம் கிடையாது, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு தொடரும், அவர் பங்கு பிரீமியத்தை அவரே கட்டவேண்டும். 30 நாள் முன்பே தெரிவிக்கட்டும். மருத்துவச் சான்றுக்கு, நிறுவனம் கேட்டதிலிருந்து 15 நாள் அவகாசம்.